கொலைக்கு இடர் மதிப்பீடு

‘கருந்துறை’ தொடரின் முதல் பருவத்தில் ஒரே ஒரு குறைதான் இருந்தது என்று புதிய தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் ஒருவர் செத்துப்போயிருந்தார்.

இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று வாரமும் ஓர் ஆலோசனைக் குழுவும் தேவைப்பட்டன. கண்டுபிடிப்பை அறிவிக்கும் கூட்டத்துக்கு, கதையை எழுதியவன் என்ற முறையில் இருதயராஜையும் அழைத்திருந்தார்கள். தன்னை எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறவன் அவன். சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலை. காலையில் வேலை அனுமதிச் சீட்டுகளில் கையெழுத்து, மத்தியானம் கயிறு, கொக்கி, தலைக்கவசம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது, சாயங்காலம் அறிக்கை. அறிக்கை எழுதி எழுதிக் கை பழகி, ஒரு நாள் அறிக்கையில் எழுத முடியாத ஒன்றைக் கதையாக எழுதிவிட்டான். அதுதான் ‘கருந்துறை’.

முதல் பருவத்தைத் தயாரித்தவர் நடேசன். பஃபலோ சாலையில் பூக்கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி. அவ்வளவுதான் அவருடைய நிறுவனம். கதையைக் கேட்டுவிட்டு, “கொன்னது யாருன்னு எங்கிட்டகூட சொல்லாதீங்க ராஜ், ரெண்டாவது சீசன் வரைக்கும் நானும் மண்டைய பிச்சிக்கிறேன்” என்று சொன்ன மனிதர். தொடர் நன்றாகவே ஓடியது. தேக்கா சந்தையில் ஆட்கள் மீன் தலைக் கறியை ஆறவிட்டுவிட்டுக் கொலைகாரன் யாரென்று சண்டை போட்டார்கள். பிறகு நடேசனுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. தொடரை ‘புத்தெழில் கதைத் தீர்வுகள்’ என்ற நிறுவனத்திடம் கைமாற்றிவிட்டு அவர் காத்தோங்கில் மகள் வீட்டோடு இருந்துகொண்டார்.

புத்தெழில்காரர்கள் சிராங்கூன் சாலையை ஒட்டிய பழைய கடைவீடு ஒன்றை எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் இடித்துத் தள்ளி, கண்ணாடி அறைகளாகப் போட்டிருந்தார்கள். பண்பாடு போய்விடக் கூடாதென்று அறைகளுக்கு மிளகு, மஞ்சள், கிராம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட்டம் மிளகு அறையில் நடந்தது.

தலைமைத் தயாரிப்பாளர் விசாலாட்சி. பத்து ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சிக் காணொளிகள் எடுத்தவர். ‘ஏணியில் ஏறுவது எப்படி’, ‘ஈரத் தரையில் நடப்பது எப்படி’, ‘ஈரத் தரையில் ஏணி வைக்கக் கூடாது, ஏன்?’ என்று மொத்தம் நூற்று நாற்பது. இருதயராஜே தன் பட்டறையில் அவற்றில் பாதியைப் போட்டுக் காட்டித் தொழிலாளர்களைத் தூங்கவைத்திருக்கிறான்.

“ஃபர்ஸ்ட் சீசன் ரொம்ப நல்லா இருக்கு. நான் ஒரே மூச்சுல பாத்தேன்,” என்று விசாலாட்சி ஆரம்பித்தார். “ஆனா ஒண்ணு உறுத்துச்சு. நாங்க நூத்தி நாப்பது வீடியோ எடுத்திருக்கோம். ஒண்ணுலயாச்சும் யாராவது செத்திருக்காங்களா? இல்ல. நீங்க எடுத்தது ஒரே ஒரு டிராமா. ஃபர்ஸ்ட் எபிசோட்லயே ஆள் காலி. இது பெரிய கேப், லா.”

“இது கொலைக் கதைங்க மேடம்,” என்றான் இருதயராஜ்.

“அதத்தான் நானும் கேக்குறேன். எதுக்குக் கொலை?”

இருதயராஜுக்கு மேசைக்கடியில் வலது கால் ஆட ஆரம்பித்தது. அவனுக்கு மனசு சரியில்லாதபோதெல்லாம் அந்தக் கால் ஆடும். வீட்டில் மனைவி வித்யா கையை வைத்து அமுக்கி நிறுத்துவாள். இங்கே அமுக்க ஆளில்லை.

விசாலாட்சி எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். பார்த்ததும் இருதயராஜ் திடுக்கிட்டான். தினமும் காலையில் அவன் நிரப்புகிற அதே இடர் மதிப்பீட்டுப் படிவம். எந்த வேலை தொடங்கினாலும் அதிலுள்ள ஆபத்தை எழுத வேண்டும். அது எவ்வளவு கடுமையானது என்று ஐந்துக்கு ஒரு மதிப்பெண், நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஐந்துக்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் பெருக்கி வருகிற எண் பெரிதாக இருந்தால் சிவப்பு, சிறிதாக இருந்தால் பச்சை. சிவப்பாக இருந்தால் வேலையைத் தொடவே கூடாது. வெல்டிங்குக்கு நிரப்புவார்கள், பெயின்ட் அடிக்க நிரப்புவார்கள். விசாலாட்சி ‘வேலையின் பெயர்’ என்ற கட்டத்தில் ‘கொலை’ என்று நிரப்பியிருந்தார்.

“கடுமை அஞ்சு. வாய்ப்பு அஞ்சு. மொத்தம் இருபத்தஞ்சு. சிவப்பு,” என்றார்.

“மேடம், அது எடுத்து முடிச்ச சீன். போன வருஷமே டிவில வந்துடுச்சு.”

“வந்துடுச்சுல்ல? அதனாலதான் வாய்ப்புக்கு அஞ்சு போட்டிருக்கேன்.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்போது ஆலோசனைக் குழுத் தலைவர் சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார். ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வுபெற்றவர். நல்ல தமிழ் பேசுவார் என்பதற்காகக் குழுவில் சேர்க்கப்பட்டவர். அதை அவர் ஒரு நிமிடமும் மறப்பதில்லை.

“ஒருவர் விழுந்தார் என்பதை நாம் மறுக்கவில்லை,” என்றார் அவர். “ஆனால் யார் தள்ளினார், யார் பொறுப்பு என்று துருவித் துருவிப் பார்ப்பதால் சமூகத்துக்கு என்ன ஆதாயம்? முப்பத்தைந்தாண்டு காலத்தில் என் மேசைக்கு வந்த எந்தக் கோப்பிலும் குற்றவாளி என்று எவரும் இருந்ததில்லை. நடைமுறை இருந்தது. நடைமுறை சில வேளைகளில் பின்பற்றப்படாமல் இருந்தது. அத்துடன் கோப்பை மூடிவிடுவோம். ஒரு கோப்பைக்கூட நான் மறுபடி திறந்தது கிடையாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். இருதயராஜும் தட்டினான். தட்டிவிட்டு, எதற்குத் தட்டினோம் என்று கையைப் பார்த்துக்கொண்டான்.

அவனுக்கு ஒரு கோப்பு மூடவே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் பட்டறையில் ஒரு கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் சிதம்பரம் என்ற தொழிலாளர் ஒன்பது மீட்டர் உயரச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். இடுப்பு வாரின் கொக்கியைக் கயிற்றில் மாட்டாததால் விழுந்தார் என்று அறிக்கை சொன்னது, கவனக்குறைவு. உண்மை என்னவென்றால் மாட்டுவதற்குக் கயிறே இல்லை. கயிறு கட்டியிருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டுத்தான் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று காலை எட்டு மணிக்குள் நாற்பது சீட்டு. இருதயராஜ் கன்டெய்னர் அலுவலகத்தில் குளிர்சாதனத்துக்கு நேராக உட்கார்ந்து நாற்பதிலும் போட்டான்.

முதல் பருவத்தில் இறக்கும் தொழிலாளிக்குக் கதையில் மாறன் என்று பெயர். இன்ஸ்பெக்டர் யாமினி என்ற பாத்திரம் பத்து வாரம் துப்புத் துலக்கி, கடைசியில் அந்த அனுமதிச் சீட்டைக் கண்டெடுக்கிறாள். கையெழுத்து தெரிகிறது, போட்டவன் தெரியவில்லை. அதோடு பருவம் முடிந்தது. இரண்டாம் பருவத்தின் கடைசியில் கதையின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்று, ‘நான் ஏறிப் பாக்கல. பாக்காமயே கையெழுத்துப் போட்டேன்’ என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு வாக்கியத்துக்காகத்தான் இருதயராஜ் இருபது வாரக் கதையையும் எழுதினான். ஊரில் சிதம்பரத்தின் மனைவி, கணவரோடு வேலை பார்த்த தம்பி எழுதியது என்பதால், கைப்பேசியில் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பருவம் முடிந்த மறுநாள், ‘தம்பி அந்த கையெழுத்து யாருது’ என்று அவனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். ‘ரெண்டாவது சீசன்ல தெரியும்க்கா’ என்று பதில் போட்டிருந்தான். நேரில் சொல்லத் தைரியம் இல்லாத ஆள் தொலைக்காட்சியை நம்பியிருந்தான்.

ஆகவே அந்த இரண்டு வாக்கியத்தைக் காப்பாற்ற மற்ற எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டு ரயிலேறினான். உட்கார இடம் இருந்தும் கிளமெண்டி வரை நின்றுகொண்டே போனான்.

அடுத்த நான்கு மாதம் விட்டுக்கொடுத்தான். ஆபத்தைக் குறைக்கப் படிவத்தில் ஐந்து படிகள் உண்டு. முதலில் ஆபத்தை நீக்கப் பார். முடியாவிட்டால் சின்னதாக மாற்று. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு வை. பிறகு அறிவிப்புப் பலகை. எல்லாம் தோற்றால் தலைக்கவசம். கொலையை இந்த ஐந்து படியிலும் இறக்கினார்கள். ஒன்பது மீட்டர் உயரம் ஆறு மீட்டர் ஆயிற்று. ஆறு மூன்றாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மூன்று, ஒன்றரையாகி, தேநீர் இடைவேளைக்குப் பிறகு முக்காலி உயரத்துக்கு வந்து நின்றது. முக்காலியிலிருந்து விழுந்தால் சாவு வராது என்று ஒருவர் ஐயம் எழுப்பினார். “பாத்தீங்களா, வேலை செய்யுது,” என்றார் விசாலாட்சி.

செத்தவர் சாகவில்லை என்று ஆனதும் ஒரு சிக்கல் வந்தது. முதல் பருவத்தில் பத்து வாரம் அவர் எங்கே போயிருந்தார்? சவக்கிடங்கில் வெள்ளைத் துணி மூடிக் கிடந்ததை நாடே பார்த்திருந்தது. குழு இரண்டு கூட்டம் நடத்தி விடை கண்டது. மாறன் மருத்துவ விடுப்பில் இருந்தார்.

“பொணத்துக்கு எம்சியா மேடம்?” என்று இருதயராஜ் கேட்டான்.

“பொணம்னு நீங்க நெனச்சீங்க. ஆடியன்ஸ் நெனச்சாங்க. அதான் சார் ட்விஸ்ட். க்ரைம் திரில்லர்னா ட்விஸ்ட் வேணாமா?”

விடுப்புக்கு மருத்துவரின் சான்றிதழ் உண்டா என்று சிவசுப்பிரமணியம் கேட்டார். இல்லாமல் எழுபது நாள் வேலைக்கு வராதவரை நல்ல தொழிலாளியாகக் காட்டுவது இளையருக்குத் தவறான முன்னுதாரணம் ஆகிவிடுமாம். ஆகவே இரண்டாம் பருவத்தின் முதல் வாரத்தில், மாறன் சான்றிதழை மேலாளரிடம் நீட்டும் காட்சி நான்கு நிமிடம் சேர்க்கப்பட்டது.

பிறகு இன்ஸ்பெக்டர் யாமினியைப் பிடித்துக்கொண்டார்கள். சந்தைக்குள் அவள் ஓடுகிற காட்சியில் தரை ஈரம். எனவே விரைந்து நடப்பாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. துரத்தப்படுகிறவனும் நடப்பான், அவளை முந்தாமல். விசாரணை அறை இருட்டாக இருந்தது. இருட்டில் வேலை செய்தால் கண் கெடும் என்பதால் எட்டுக் குழல்விளக்கு போட்டார்கள். மர்ம இசை காதுக்குத் தீங்கு என்று ஒலி அளவைக் குறைத்தார்கள். திடுக்கிடும் இடம் வருவதற்கு முப்பது விநாடி முன்பே திரையில் மஞ்சள் பலகை ஒன்று வந்து, ‘திடுக்கிடப் போகிறீர்கள், தயவுசெய்து அமரவும்’ என்று சொல்லும். இத்தனைக்கும் பிறகு திடுக்கிட எதுவும் மிச்சமில்லை என்பதை இருதயராஜ் மட்டும் கவனித்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாக்கியம் இன்னும் அப்படியே இருந்தது.

செங்காங்கில் ஒரு சமூக மண்டபத்தில் பார்வையாளர் கருத்துக் கூட்டம் வைத்தார்கள். நாற்பது பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுத்தாளும் ஒரு நெகிழிப் பெட்டியில் பிஹூன் நூடுல்ஸும் கொடுத்தார்கள். சாயிரா பானு என்று ஒரு அம்மாள், பள்ளிக்கூட உணவகத்தில் கடை வைத்திருப்பவர், பிஹூனைத் தொடாமல் எழுந்து நின்றார்.

“எங்களுக்கு ஒண்ணுதான் வேணும். அந்த ஆள யாரு கொன்னா? அத சொல்லுங்க போதும், லா. அதுக்குத்தான் ஒரு வருஷமா வெயிட் பண்றோம்.”

‘பார்வையாளர்கள் கூடுதல் தகவலை எதிர்நோக்குகிறார்கள்’ என்று அறிக்கையில் குறிக்கப்பட்டது. மாறன் விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று சுவரில் ஒரு அட்டை ஒட்டி, பொட்டு வைக்கச் சொன்னார்கள். நாற்பதில் முப்பத்தொரு பொட்டு ‘நிர்வாகம்’ என்ற கட்டத்தில் விழுந்தது. விசாலாட்சி மகிழ்ந்துபோனார். நிர்வாகத்தின் மேல் மக்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்குமென்று அவர் நினைக்கவே இல்லையாம். உடனே புதிய பாத்திரம் ஒன்று பிறந்தது. தங்கமான நிர்வாக இயக்குநர் ஒருவர், ஆறு வாரம் தொடர்ந்து, மாறனைப் பழக்கூடையோடு பார்க்க வருவார்.

அந்தப் பழக்கூடைக்கு இடம் வேண்டியிருந்தது. கடைசி வாரத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் எழுந்து பேசுகிற காட்சியை எடுத்துவிட்டு அங்கே வைத்தார்கள். இருதயராஜுக்குத் திருத்திய பிரதி மின்னஞ்சலில் வந்தது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். வாசித்துவிட்டுச் சோற்றை மூடிவைத்தான். மேலாளரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு நேராக லிட்டில் இந்தியாவுக்குப் போனான். ரயிலில் பெட்டிக்குப் பெட்டி நடந்தான், அவன் நடந்தால் ரயில் சீக்கிரம் போகும் என்பதுபோல.

மிளகு அறையில் குழு முழுதும் இருந்தது.

“மேடம், எல்லாத்தையும் எடுத்துக்குங்க. அந்த ரெண்டு வரிய மட்டும் குடுத்துடுங்க,” என்றான்.

“ராஜ், அந்தக் கேரக்டர் ஏன் அப்படிப் பேசணும்? மாறன் உயிரோட இருக்காரு. எதுக்கு அவரு தப்ப ஒத்துக்கணும்? மோட்டிவேஷனே இல்லையே.”

இருதயராஜ் நின்றுகொண்டிருந்தான். இரண்டு காலும் ஆடின.

“அந்தக் கையெழுத்து என்னுது மேடம். கதையில இல்ல. நெசமா. சிதம்பரம்னு ஒருத்தரு. நான் ஏறிப் பாக்கல. பாக்காமயே போட்டேன். அவரு செத்துட்டாரு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிராம்பு அறையில் யாரோ சிரித்தது கேட்டது. ஆறு வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். இனி என்ன வந்தாலும் வரட்டும், போலீசைக்கூடக் கூப்பிடட்டும் என்று நின்றான். விசாலாட்சியின் கண்கள் கலங்கியிருந்தன.

“தேங்க் யூ ஃபார் ஷேரிங், ராஜ்,” என்றார். “இவ்வளவு ஓப்பனா யாருமே ஷேர் பண்ணதில்ல.” எழுந்துபோய் அலமாரியிலிருந்து நிறுவனத்தின் பெயர் பொறித்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். சிறந்த பகிர்வுக்கான மாதப் பரிசு. எல்லாரும் எழுந்து அவனை நடுவில் நிறுத்தி, கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் இருதயராஜின் கட்டைவிரலும் உயர்ந்திருக்கிறது. அது எப்படி உயர்ந்தது என்று அவனுக்குத் தெரியாது.

கூட்டக் குறிப்பு மறுநாள் வந்தது. சிவசுப்பிரமணியத்தின் தமிழ். ‘7.3: திரு இருதயராஜ் தமது பணி அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொண்டார். குழு பாராட்டியது. மேல்நடவடிக்கை: தேவையில்லை.’

அதன் பிறகும் அவன் படப்பிடிப்புக்குப் போனான் என்றால், போகாமல் இருக்க அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் காரணம். செங்காங்கில் காலி மனை ஒன்றில் ஆறு மீட்டர் சாரம் கட்டியிருந்தார்கள். விடுப்பு முடிந்து மாறன் வேலைக்குத் திரும்பி, சாரத்தின் உச்சியில் நின்று, கட்டைவிரல் உயர்த்திச் சிரிக்க வேண்டும். பருவத்தின் கடைசிக் காட்சி. முக்காலி போதுமே என்று கேட்டதற்கு, வெற்றிக்கு உயரம் வேண்டும் என்று விசாலாட்சி சொல்லியிருந்தார். சாரத்துக்குப் பின்னால் பெரிய பதாகை: ‘பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு’.

மாறனாக நடிக்கிற பிரபாகர் ஏற்கெனவே மேலே நின்றான். முதல் பருவத்தில் நான்கு நாள் சில்லென்ற தரையில் பிணமாகப் படுத்துச் சளி பிடித்தவன். இப்போது வசனம் கிடைத்திருக்கிற சந்தோஷம்.

“அண்ணே! பொணத்துக்கு ப்ரமோஷன்!” என்று மேலிருந்து கத்தினான்.

விசாலாட்சி ஒரு தடித்த கோப்போடு வந்தார். “ராஜ், நல்ல வேள வந்தீங்க. நம்ம சேஃப்டி ஆளு இன்னிக்கு எம்சி. நீங்கதான் க்வாலிஃபைட். இங்க ஒரு சைன் மட்டும். நாப்பத்தொரு பக்கமும் பச்ச.”

இருதயராஜ் பேனாவை வாங்கிக்கொண்டான். பழக்கம். கை தானாகவே கடைசிப் பக்கத்தைப் புரட்டியது. பிறகு எதற்கோ தலையைத் தூக்கி மேலே பார்த்தான்.

பிரபாகர் இடுப்பு வார் கட்டியிருந்தான். கொக்கியைக் கையிலேயே சாரக் குழாயோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அவன் தலைக்கு மேலே கயிறு இல்லை.

“மேடம், கயிறு எங்க?”

“இருந்துச்சு. ஃப்ரேம்ல பேனருக்குக் குறுக்க வந்துச்சு. ‘உயிர்மூச்சு’ல ‘உயிர்’ தெரியல. அதான் அவுக்க சொல்லிட்டேன். கையால பிடிச்சா மாட்டுன மாதிரிதான் இருக்கும்.”

இருதயராஜ் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். காற்றில் தாள்கள் படபடத்தன. படக்குழு வெயிலில் நின்று அவனைப் பார்த்தது.

“இதுல மாறன் வழுக்கி விழாம இருக்க வழி இருக்கு. மாறனுக்கு வெயில் ஒத்துக்காட்டி என்ன பண்ணணும்னு இருக்கு. மாறனுக்கு மனசு கஷ்டப்பட்டா யார்கிட்ட பேசணும்னு இருக்கு. நாப்பத்தொரு பக்கம் மேடம். பிரபாகர் எங்க?”

விசாலாட்சிக்கு நிஜமாகவே புரியவில்லை. “பிரபாகர் யாரு?” என்று கேட்டார்.

இருதயராஜ் பேனாவைக் கோப்பின்மேல் வைத்துவிட்டு ஏணியைப் பிடித்தான். பதினான்கு வருடம் ஆட்களை மேலே அனுப்புவதே வேலையாக இருந்தவனுக்கு ஏறிப் பழக்கமில்லை. பாதி தூரத்தில் கீழே யாரோ, “ராஜ் சார் இந்த சீன்ல இருக்காரா?” என்று கேட்டார்கள். “ஸ்கிரிப்ட்ல இல்ல!” என்று இன்னொரு குரல். கடைசிப் படியில் நின்று மேலே கை வைத்தபோது பலகை ஒன்று லேசாக எழும்பியது. கட்டவே இல்லை. பக்கத்துப் பலகையையும் தட்டிப் பார்த்தான், அதையும் கட்டவில்லை. பிரபாகரின் இடது கால் அதன் நுனியில் இருந்தது.

“தம்பி, அந்தக் கால எடு. குழாய ரெண்டு கையாலயும் புடி. கொக்கிய விட்டுடு, அது சும்மா. அப்படியே எம் பக்கம் வா.”

“டேக் ஆரம்பிச்சுட்டாங்கண்ணே.”

“வாடா!”

பிரபாகர் வந்தான். பலகை அவன் காலடியில் ஒரு பக்கம் தூக்கிச் சரிந்தது. இருதயராஜ் அவன் இடுப்பு வாரை இறுக்கிப் பிடித்தான். பலகை மட்டும் கீழே போனது, மணலில் குத்திட்டு நின்றது. இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, தரையைத் தொட்டதும் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் பேசியது விசாலாட்சிதான். “யாரு கட் சொன்னது?”

அரை நாள் படப்பிடிப்பு கெட்டது. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. இடையூறுக்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘எழுத்தாளரின் கவனக்குறைவு’ என்று ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தார்கள். அதை மாற்றச் சொல்லி இருதயராஜ் கேட்கவில்லை. அடுத்த கட்டத்தில், காயமடைந்தவர் எண்ணிக்கை என்ற இடத்தில் மட்டும் ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மனைக்கு வெளியே வந்து நூறு அடி நடப்பதற்குள் கைப்பேசி சிணுங்கியது. தொடரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை நீக்கியிருந்தார்கள். ஐந்து படிகளில், ஆபத்தை நீக்குவது என்ற முதல் படியைப் புத்தெழில்காரர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அன்றுதான்.

கதை போயிற்று. இனி அந்த இரண்டு வாக்கியத்தை யாமினியும் கேட்கப் போவதில்லை, நாடும் கேட்கப் போவதில்லை. ரயில் மேடையில் போய் நின்றான். எண்ணைத் தேடி அழுத்துவதற்குள் இரண்டு ரயில் போய்விட்டது.

“தம்பியா? சொல்லுங்க,” என்றாள் சிதம்பரத்தின் மனைவி. பின்னால் குக்கர் சத்தம். “நாடகம் என்னைக்கு வருது? பக்கத்து வீட்டுல எல்லாரும் கேக்குறாங்க.”

“அதுல வராதுக்கா. அந்தக் கையெழுத்து என்னுது.”

அவன் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.

“அண்ணன் விழுந்த அன்னைக்கு அங்க கயிறே கட்டல. கட்டியிருக்கான்னு நான் ஏறிப் பாத்திருக்கணும். பாக்கல. பாக்காமயே கையெழுத்துப் போட்டேன். அவரு கொக்கிய மாட்டலன்னு எழுதுனது பொய்யிக்கா. மாட்ட எடமே இல்ல.”

குக்கர் இரண்டு முறை கத்தியது. யாரும் போய் நிறுத்தவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது.

“அப்ப அவரு எம் பேச்ச மீறல?” என்றாள்.

“இல்லக்கா.”

“தெனமும் போன வைக்கும்போது சொல்லுவேன், மேல ஏறுனா கொக்கிய மாட்டுங்க, மாட்டுங்கன்னு. ஒத்த வார்த்த கேக்காமப் போயிட்டீங்களேன்னு ஆறு வருஷமா அவரு போட்டோவ நின்னு திட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி. நேத்துகூட.”

மூன்றாவது ரயில் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது.

“அக்கா…”

“உங்கள என்ன சொல்றதுன்னு எனக்கு இப்பத் தெரியல. அத அப்பறம் பாத்துக்கலாம்,” என்றாள் அவள். “வச்சிடாதீங்க. அவரு அம்மாகிட்ட குடுக்குறேன். அவங்களும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க. எங்கிட்ட சொன்னத மொதல்ல இருந்து அவங்ககிட்ட சொல்லுங்க. காது கொஞ்சம் மந்தம். சத்தமா சொல்லுங்க.”